கெங்கம்மாவின் லுங்கி

9 பிப்ரவரி 2004, எண்ணூர்
கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்தால், ஜேக்கப் அனுப்பிய அழைப்பிதழ். ராயபுரத்துக்காரன், வெளிநாட்டில் ஓவியம் படித்தவன். அம்மா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த கதையை மூன்று நாள் டேப்பில் பிடித்தான். அவள் பர்மிய மொழியில் பாடிய தாலாட்டை வீடியோ எடுத்தான். கப்பலில் கட்டி வந்த லுங்கியையும் கண்காட்சிக்கென்று வாங்கிப் போனான். அட்டையில் அம்மா படம். கீழே, 'பெயர் அறியாத அகதி.'

கெங்கம்மா ஆன்ட்டி என்று கூப்பிட்டுத்தானே மூன்று நாளும் எங்கள் வீட்டில் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், தின்றான்?

10 பிப்ரவரி
அவனைச் சும்மா விடக்கூடாது.

12 பிப்ரவரி
அவனே வந்து மாட்டினான். அம்மாவின் லுங்கியைக் கண்காட்சி வாசலுக்கு மேலே தோரணமாகத் தைத்துத் தர வேண்டுமாம். "எல்லாரும் அதுக்குக் கீழ நுழைஞ்சு வரணும், எல்லையத் தாண்டுற மாதிரி" என்றான்.

பர்மாவில் பெண் கட்டின லுங்கிக்குக் கீழே ஆம்பளை போகமாட்டான். போனால் அவன் தேஜஸ் போச்சு. அம்மா இன்றும் இடுப்புயரக் கொடியில்தான் காயப்போடுகிறாள். தம்பி தீனா சுற்றித்தான் போவான். ஜேக்கப்புக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை. இரட்டைத் தையல் போட்டேன்.

15 பிப்ரவரி
திறப்பு விழா. கோட்டு, ஜிப்பா, தாடி, எல்லாரும் அடியில் போனார்கள். ஜேக்கப் நாலு முறை. போங்கடா, நல்லாப் போங்க.

பிறகு தீனா அம்மாவைக் கூட்டி வந்தான். அண்ணாந்து பார்த்தாள். என் தையல் அவளுக்குத் தெரியாதா? "ஜேக்கப்பு, இது பொம்பள கட்ன துணி. ஆம்பள தலைக்கு மேல தொங்கவுட்டா ஆவாது. எறக்கு" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். இறக்கியதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் என்னிடம்: "அவன் என் பேர வுட்டுட்டான். நீ என் துணிய வச்சு பழி வாங்கற. ஒர்த்தராச்சும் என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அழுகை வந்தது. ஆனால் ஆத்திரம் போகவில்லை.

18 பிப்ரவரி
அம்மா இன்னும் பேசவில்லை.

22 பிப்ரவரி
லுங்கியைத் திரும்பக் கேட்டு ஜேக்கப் வந்தான். அம்மா அதைத் துவைத்து எங்கள் தலைவாசலுக்கு மேலே கட்டியிருந்தாள். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. தீனா காலையிலேயே பின்பக்கமாக நழுவிவிட்டான்.

"உள்ள வா நைனா. அத்தோ கீது, துன்ட்டு போ."

ஜேக்கப் அண்ணாந்து பார்த்தான். தெருவிலேயே நின்றுகொண்டான். பேர் போட்டுப் புது அட்டை அடித்திருக்கிறானாம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி. பக்கத்து வூட்டு குப்பம்மாவுக்குக் காது கேக்காது, சத்தமா படி."

"கெங்கம்மா. ரங்கூன், எண்ணூர்."

மூன்று முறை படிக்கவைத்தாள். ஒரு வாரமாகப் பேசாதவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா ஷாலு, போதுமா?"

இன்னொரு தபா படிக்கச் சொன்னேன்.