ஓடாத மூன்று மாதம்

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து குறைவு. இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்து உடம்பெல்லாம் சில்லிட்டது.

புதன்கிழமை கோவை ஆஸ்பத்திரி. நித்யாவுக்கு இரண்டாம் தடவை நெஞ்சு ஸ்கேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் மேஸ்திரியிடம் லீவு சொன்னேன். "ஆத்தாளும் மகளும் ரெண்டு பேருமா?" என்றார். ரெண்டு பேரும்தான்.

போன தடவை டாக்டரம்மா சொன்னது, மறக்காமல் இருக்க:

நித்யா அப்பா போனது இதயச் சுவர் தடித்த வியாதியில். அறுத்துப் பார்த்துச் சொன்னது. பரம்பரையாக வரும். மகளுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.

நித்யாவுக்கும் சுவர் கொஞ்சம் தடிப்பு. ஆனால் தினம் ஓடுகிறவர்களுக்கும் இதயம் பெருக்கும், தடிக்கும். அது நோய் இல்லை, பலம். ஓடுவதை நிறுத்தினால் இறங்கிவிடும். பரம்பரையில் வந்தது இறங்காது. "மூணு மாசம் ஓடாம இருக்கட்டுங்க, பாத்துரலாம்" என்றார்.

ஓடவில்லை. போலீஸ் வேலைக்கென்று தினமும் ஓடிய பெண். ஷூவைக் கழுவி ஆணியில் மாட்டினாள். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. சும்மா இருக்க முடியாமல் என்னோடு கொழுந்துக்கு வருகிறாள்.

சாயங்காலம் என் மூட்டையும் அவள் தலையில்தான். அவர் போனதிலிருந்து என்னைத் தூக்க விடுவதில்லை. ஏற்றத்தில் அந்த சில்வர் ஓக் மரம் வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாகக் கடந்துவிடுவோம். அவர் மூட்டையை இறக்கி உட்கார்ந்த இடம். எழுந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு சரசு அக்கா பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, "மெல்லப் போங்கடி! நிறுக்கிற தராசு ஓடியா போயிரும்?"

நவம்பர் 11, செவ்வாய்

மழை. விறகு ஈரம், அடுப்பு ஒரே புகை.

எடுத்து வைக்க: பழைய ஸ்கேன். ஆதார். காப்பீட்டு அட்டை. சால்வை. பஸ்ஸில் வாந்திக்கு எலுமிச்சை.

வெந்நீர் அண்டாவைத் தேய்த்தேன். எஸ்டேட் ஓட்டப்பந்தயத்தில் வெறுங்காலோடு ஓடி அவர் பரிசு வாங்கியது. பழகாமலே ஓடுவார். சிலருக்குப் பிறவியிலேயே உடம்பு அப்படி, கொஞ்சம் பழகினாலே ஏறிக்கொள்ளும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். நாடியும் அவருக்கு மெதுவாகத்தான். கம்பவுண்டர் கையைப் பிடித்துப் பார்த்து, "யோவ், ஓடுதா, நின்னுபோச்சா?" என்று கேலி செய்வார். நித்யாவுக்கும் அதே நாடி. போன தடவை நர்ஸ் மெஷின் கெட்டுவிட்டதென்று வேறு மெஷின் எடுத்து வந்தாள்.

கால் அவருடையது. நாடி அவருடையது. இதை மட்டும் கொடுத்து அந்த வியாதியை விட்டிருக்கக் கூடாதா. யாரிடம் கேட்பது.

"என்னம்மா முணுமுணுக்குற?"

"ஒண்ணுமில்ல. பருப்பு வேகல."

நவம்பர் 12, புதன்

முதல் பஸ். வெலிங்டன் பக்கம் பட்டாளத்துப் பையன்கள் வரிசையாக ஓடினார்கள். நித்யா இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செருப்புக்குள் கால் விரல் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருட்டு அறை. நெஞ்சில் ஜெல்லி தடவினார்கள். திரையில் அவள் இதயம். கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "தடிப்பு இறங்கலைங்க."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நித்யா மேலே பார்த்தபடியே கிடந்தாள்.

"மூணு மாசமும் ஓடலீங்களே?"

"சத்தியமா ஓடலீங்க. என்கூடக் கொழுந்துக்கு வருவா, அவ்வளவுதான்."

"கொழுந்துக்கா?"

"ஆமாங்க. மூட்டையும் அவதான் தூக்குவா. வெறகு, தண்ணி எல்லாம் அவதான். நல்ல புள்ளைங்க."

"ஏத்தமா இருக்குமோ?"

"நம்ம மேடுதானுங்க. நிக்காம ஏறிருவா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏனுங்கம்மா, ஓடக் கூடாதுன்னு சொன்னா மூட்டையோட மலை ஏத்தியிருக்கீங்களே!"

"அது வேலைங்களே!"

"நமக்குத்தானுங்க அது வேலை, இது ஓட்டம். இதயத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாந்தான் வெவரமாக் கேட்டிருக்கணும்."

நித்யா படுத்தபடியே சிரித்துவிட்டாள். ஜெல்லியோடு. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆகவே இன்றைய ஸ்கேனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மறுபடி மூன்று மாதம். சுமை கூடாது. மெதுவாக நடக்கலாம், ஏற்றத்தில் நின்று நின்று.

பரம்பரை பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அவருடைய ரத்தம் இருந்திருந்தால் இவளிடம் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்குமாம். இப்போது ஒன்றும் அகப்படவில்லை என்றாலும், இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதாம். நான் எதை வைத்திருக்கிறேன். அவர் சட்டையைக்கூடத் துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். மூட்டை என் தலையில். கழுத்து வலி. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

"எங்கடி மகாராணி?" என்றாள் சரசு அக்கா.

"சும்மா இருக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு."

"எனக்கும் அந்த டாக்டரைக் காட்டுடி."

வீட்டுக்கு வந்தால் நித்யா குடத்தோடு கிளம்பி நிற்கிறாள். கத்திவிட்டேன். குடத்தை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தாள். அப்புறம், "சும்மா உக்காந்தா அப்பா நெனப்பாவே இருக்கும்மா. ஓடுனா வராது. மூட்டை தூக்குனாலும் வராது."

"நெனச்சுக்க. நானும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். ரசம் உப்பு.

நவம்பர் 15, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. கொழுந்தும் பரவாயில்லை.

வேலை முடியும் நேரம் நித்யா கீழே வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "வெறுங்கைதாம்மா. மெதுவாத்தான் வந்தேன்." மடியில் ஒரு கொய்யாப்பழம்.

மூட்டையோடு நான் முன்னால், அவள் பின்னால். வளைவுக்கு வளைவு நின்றோம். நான் நிற்கச் சொன்னது அவளுக்காக, மூச்சு வாங்கியது எனக்கு. அடுத்து நிற்க இடம் அந்த சில்வர் ஓக் அடிதான். வேறு சமதரை கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மூட்டையை இறக்கினேன்.

உட்கார்ந்தோம்.

"அப்பா இங்கயாம்மா சாஞ்சிருந்தாரு?"

"இல்ல. அந்தப் பக்கம். வெயில் படுற பக்கம்."

நித்யா எழுந்து போய் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் நானும் போனேன்.

சரசு அக்கா மூட்டையோடு கடந்தாள். எங்களைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. "நிறுக்கிறவன் போயிருவான்டி."

"போகட்டும்க்கா."

கொய்யா கொஞ்சம் காய். பாதி எனக்கு.