ஓசியில் ஒரு தங்கை

ஆகஸ்ட் 26, திங்கள்

ஓசியாகக் கிடைத்தால் இவர் காய்ச்சலைக்கூட இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வார். இன்று மடிக்கணினியோடு சோபாவில் மூன்று மணி நேரம். பெரிய டென்னிஸ் போட்டி ஆரம்பித்துவிட்டதாம். இங்கே அதைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். வேறொரு நாட்டில் அரசுத் தொலைக்காட்சி தன் மக்களுக்கு இணையத்தில் சும்மா காட்டுகிறது. அந்த நாட்டில் இருப்பதுபோல வேஷம் போட ஒரு மென்பொருள் உண்டு, விபிஎன். அதைப் போட்டுவிட்டால் இந்தக் கணினி அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர்கள் நம்பிவிடுவார்கள்.

"நாம இப்ப அங்க இருக்கோம்" என்றார், பனியனோடு.

லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் டென்னிஸ் என்ற சொல் இவர் வாயில் வந்ததில்லை. ஆட்டத்தில் புள்ளி சமமானால் சொல்கிற டியூஸை ஜூஸ் என்கிறார்.

"உங்களுக்கு எதுக்கு டென்னிஸ்?"

"சும்மா கெடைக்குதே."

இதுதான் பதில். இதற்கு மேல் இவரிடம் எதிர்பார்ப்பது என் தப்பு.

ஆகஸ்ட் 28, புதன்

ஓசி ஓசியை இழுக்கும். மேல் வீட்டு வங்கிக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இன்டர்நெட் மெதுவாம். இனி இந்த வங்கிக்காரருக்கு நான் வைக்கும் பெயர் வர்ணனையாளர்.

"பேக்ஹேண்ட் வீக்கு. கால் நகரவே இல்ல பாருங்க."

ஆடிக்கொண்டிருப்பவள் உலகத்தில் ஆறாமிடம். சொல்பவர் எங்கள் மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர். கீழ் வரிசையில் நான்கு பல் செயற்கை; நான்கும் பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகவில்லை. எவன் செய்தானோ. நான் செய்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டேன். பகல் முழுக்க லேபில் உட்கார்ந்து பீங்கான் பல்லுக்கு நிறம் சேர்ப்பவளுக்கு மனிதர்கள் வாயைத் திறந்தாலே கஷ்டம். சொல்வதும் சகிக்கவில்லை, தெரிவதும் சகிக்கவில்லை.

சமையலறையிலிருந்தே பார்த்தேன். அந்த ஆறாமிடத்துக்காரி சர்வீஸ் போடுமுன் பந்தை நாலு தடவை தட்டுகிறாள். என் கை தானாகக் கரண்டியை நாலு தடவை தட்டியது. ச்சே.

ஆகஸ்ட் 30, வெள்ளி

உட்காரவில்லை. நின்றபடிதான் பார்த்தேன். நின்று பார்த்தால் பார்த்ததாகாது.

செப்டம்பர் 1, ஞாயிறு

எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதித் தொலைக்கிறேன்.

காலையில் இவர் ஜூனியர் பெண்கள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தப் பேரு உங்கப்பா பேரு மாதிரி இல்ல?" என்றார்.

மாதிரி இல்லை. அப்பா பெயரேதான். தங்கை ஆடிய காலத்தில் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டாள். புருஷனை விட்டு வந்த பிறகு மகளுக்கும் அதையே கொடுத்திருக்கிறாள். செத்துப் பத்து வருடமான மனிதர் ஒரு நீலத் திரையில், யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு எதிரே.

தங்கை மகள். கடைசியாக நான் பார்த்தபோது அஞ்சு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. இப்போது பதினேழு.

என் தங்கையைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரியும் இருக்காது. இருக்கக் கூடாது என்றே எழுதாமல் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும்தான் ஆடினோம். நான் பதினாலு, அவள் பதினொன்று. நான்தான் நல்லா ஆடினேன் - இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒருத்தியைத்தான் வெளியூர் அனுப்ப முடியும் என்றார் அப்பா. சின்னவளுக்கு இன்னும் வருஷம் இருக்கு என்றார். சரி. அவளுக்குப் பயிற்சி கொடுக்க எதிர்ப்பக்கம் ஆள் வேண்டும். அதற்கு நான். சரி. முழங்கால் போய் இருபத்திரண்டிலேயே அவளும் நிறுத்தினாள். அதற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவள் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தபோது பத்திரிகைக்காரன் கேட்டிருக்கிறான், வீட்டில் வேறு யாரும் ஆடியதுண்டா என்று. இவள் சொன்ன பதில் அச்சில் வந்தது. "அக்கா எனக்குப் பந்து பொறுக்கிப் போடுவாங்க."

பந்து பொறுக்கிப் போடுவாங்க!

அன்றோடு பேச்சு நின்றது. பன்னிரண்டு வருடம். அப்பா காரியத்தில்கூட நான் ஒரு பக்கம், மகளைக் கூட்டி வராமல் தனியாக வந்த அவள் ஒரு பக்கம்.

செப்டம்பர் 2, திங்கள்

பார்க்கப் போவதில்லை என்று இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். வாக்குவாதம் செய்யக்கூடத் தெரியாத மனிதர்.

மதியம் லேபில், மெழுகு உருகும் நேரத்தில், போனில் திறந்தேன். இவரே அதிலும் அந்த வேஷத்தைப் போட்டு வைத்திருக்கிறார். யார் கேட்டது?

கடைக்கோடி மைதானம். ஒரே ஒரு கேமரா, வர்ணனை கிடையாது. ஷூ தேய்கிற சத்தமும் ஒரு காக்கையும்தான். பெண் உயரம். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு உயரம் இல்லை. ஃபோர்ஹேண்ட் சுமாரில்லை, நன்றாகவே இருக்கிறது. சர்வீஸ் மகா மட்டம். பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டு, முதுகை வில்லாக வளைத்து, அப்படியே பக்கவாட்டில் விழுகிறாள். இப்படி ஒரு குழந்தைக்கு யார் சொல்லித் தருவார்கள்?

முதல் வரிசையில் தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை. திரையில் கடுகளவு. தோற்கிற பந்துக்கெல்லாம் கீழுதட்டைப் பல்லால் அழுத்துகிறாள். தெரியாது, அவ்வளவு தெளிவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

குண்டாகிவிட்டாள்.

பெண் ஜெயித்தாள். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, மெழுகு வழிகிறது என்றார். வழியட்டும்.

செப்டம்பர் 4, புதன்

இரண்டாம் சுற்று. இன்று வீட்டில், உட்கார்ந்தே பார்த்தேன். இடப்பக்கம் இவர், வலப்பக்கம் வர்ணனையாளர்.

"இந்தப் பொண்ணு தேறாது" என்றார் வர்ணனையாளர். "ஒடம்பு வாகு பத்தல. அம்மாக்காரி வேற மொகத்த அப்படி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. பாவம், பொண்ணு பயத்துலயே ஆடுது."

உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதை நான் நினைக்கலாம். இந்த வர்ணனையாளர் யார் அதைச் சொல்ல?

"உங்க வீட்டு இன்டர்நெட் சரியாயிடுச்சான்னு போய்ப் பாருங்க" என்றேன்.

"இல்லம்மா, இன்னும் -"

"போய்ப் பாருங்க."

போனார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த மாதிரி இருந்தது. கேட்டதற்கு இருமல் என்றார்.

பெண் ஜெயித்தாள். 7-5, 6-4. கை தட்டவில்லை. எழுந்து துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலிறுதி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பல் வலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டேன். பல் செய்கிற இடத்தில் பல் வலி. முதலாளியம்மா ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்தால் இவரும் இருக்கிறார். இன்றைக்குத்தான் இவருக்கும் லிஃப்ட் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதாம்.

முதல் செட் போனது. இரண்டாவது எங்களுக்கு. ஆமாம், எங்களுக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்தப் போவதில்லை. மூன்றாவதில் 4-4. பெண்ணுடைய சர்வீஸ். அதே மட்டமான சர்வீஸ். "முன்னாடி தூக்குடி, முன்னாடி!" என்று கத்தியது நான்தான்.

திரை கறுத்தது.

"நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த நிகழ்ச்சியைக் காண இயலாது."

கண்டுபிடித்துவிட்டார்கள். இவர் தட்டுகிறார், அணைக்கிறார், வேறு ஊரைத் தேர்ந்தெடுக்கிறார், மறுபடி அதே வரி. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. வாயில் வந்ததெல்லாம் பேசினேன். ஓசிக்கு அலையற புத்தி, ஒரு சந்தா கட்ட வக்கில்ல, எச்சக்கலை வாழ்க்கை, உங்கள நம்பி உக்காந்தேன் பாரு என்ன சொல்லணும்! இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் பேசினேன். இவர் ஸ்கோர் மட்டும் காட்டுகிற பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

வெறும் எண்கள். 4-5. பிறகு 15-30. பிறகு அந்த 30 அசையவே இல்லை. ஒரு நிமிஷம். நாலு நிமிஷம். ஏழு நிமிஷம். பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் வந்தது: விலகினார்.

அப்பா பெயருக்குப் பக்கத்தில்.

"என்னாச்சு? விழுந்துட்டாளா? முழங்காலா? யார்கிட்ட கேக்கறது இப்ப?"

இவர் போனை எடுத்தார். தேடவில்லை. ஒரே தட்டு. என் கையில் கொடுத்தார். திரையில் "மச்சினி" என்று இருந்தது.

அந்தப் பக்கம் எடுத்த உடனே அவள் குரல். "சொல்லுங்கத்தான். பாத்தீங்களா? அக்கா பாத்தாளா?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அத்தான்?"

"நான்தான்."

யாரோ பின்னால் ஐஸ் கேட்டார்கள்.

"காலா?" என்றேன்.

"கணுக்கால். பிசகிடுச்சு. எலும்பு ஒண்ணுமில்லங்கறாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அழுதுட்டிருக்கா. என்னையும் உள்ள விட மாட்டேங்கறா."

"பந்தப் பின்னாடி தூக்கறா. தூக்கிட்டுப் பக்கத்துல விழறா. எத்தனை நாள் தாங்கும் கணுக்கால்? யாரு சொல்லிக் குடுத்த சர்வீஸ் அது?"

"நான்தான்."

"அதான் பாத்தேன்."

சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் அவளிடம் ஒரே சத்தம், சின்ன வயதிலிருந்தே.

பிறகு அவளே சொன்னாள். "அந்தப் பேப்பர் விஷயம்… அவன் ஒண்ணும் மாத்திப் போடலக்கா. நான்தான் சொன்னேன். நீ ஆடுவேன்னு சொன்னா, என்னை விட நல்லா ஆடுவேன்னும் சொல்ல வேண்டியிருக்கும். அன்னிக்கு எனக்கு மனசு வரல."

பன்னிரண்டு வருடமாக இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள்.

"ஐஸ் வெச்சுட்டு காலை ஒசத்தி வைக்கச் சொல்லு" என்று போனை வைத்தேன்.

இவர் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், திட்டு வாங்கிய இடத்திலேயே.

"எத்தனை வருஷமா?"

"மொதல்ல பொறந்த நாளுக்கு மட்டும்தான். பாப்பா ஆட ஆரம்பிச்சப்புறம் கொஞ்சம் அடிக்கடி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ எழுந்து போயிடுவ. சந்தா கட்டியிருந்தா எதுக்குன்னு நோண்டியிருப்ப. ஓசின்னா நீ எதுவும் கேக்க மாட்ட. என்னைக் கேவலமா பாப்ப. பாத்துக்கிட்டே பக்கத்துல வந்து ஒக்காருவ."

அதையும் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். மழை வரும் என்று சொல்வது மாதிரி.

"அப்ப அந்த ஜூஸ்? அதுவும் வேஷமா?"

"இல்ல. அது நெஜமாவே தெரியாது."

செப்டம்பர் 7, சனி

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

குரல் செய்தி அனுப்பத் தெரியாதவள் என் தங்கை. நாலு நிமிஷம் பேசுகிறாள், அதில் மூன்று நிமிஷம் நாய் குரைக்கிறது. பெண் கட்டை அவிழ்த்து நடக்கிறாளாம். "பெரியம்மா என்னை மட்டம்னு சொன்னாங்களாமே?" என்று கேட்டாளாம். உன்னை இல்லையடி, உன் சர்வீஸை என்று திருத்தி அனுப்பினேன். வித்தியாசம் புரியாத தலைமுறை.

பதிலாக ஒரு காணொளி வந்தது. மைதானத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி, அடிக்காமல், பந்தை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறாள். அறுபது தடவை. எண்ணினேன். பதினேழு சரியாக இருந்தது. பதினேழுதான் என்று எழுதி அனுப்பினேன். பாராட்டெல்லாம் எனக்கு வராது.

செப்டம்பர் 22, ஞாயிறு

அறுபதுக்கு முப்பத்தொன்று.

அக்டோபர் 14, திங்கள்

பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் குடும்பம் என்று போட்டேன். முதலாளியம்மா கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு படித்தார். மேல் வரிசைக் கோரைப்பல்லில் காரை. எத்தனை தடவை சொல்லியாயிற்று.

"அந்தப் பல் வலி அரை நாளைத் தவிர இத்தன வருஷத்துல நீ லீவே கேட்டதில்ல. வீட்டுக்காரரைத் தவிர ஒனக்கு ஆளுங்க இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது."

"இருக்காங்க" என்றேன். "ஒரு தங்கச்சி, ஒரு பொண்ணு. ரெண்டும் சொன்னாக் கேக்காது. நேர்ல போனாத்தான் சரிப்படும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். ஒரு கிழவருக்கு முன்பல் ஆறு, நாளைக்குள் முடிக்க வேண்டும். நிறம் ஒரே தடவையில் அமைந்துவிட்டது.