சிவப்புச் சுவிட்சுக்கும் விடாத கை

அனுப்புநர்:
கியர்பாக்ஸ் பொறுப்பு மாணவி,
பதினான்காம் மேசை அணி,
மாணவர் ரோபோ போட்டி அரங்கம்.

பெறுநர்:
பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
போட்டி அலுவலகம்.

பொருள்: எங்கள் ரோபோவின் கியர்பாக்ஸில் தாங்கள் இட்ட முத்திரையை உடைத்து, நாளைய விழாவுக்கு முன் அதைச் சரிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி ரோபோவின், பந்தைக் கவ்வும் பிடிக்கையை இயக்கும் கியர்பாக்ஸை வரைந்ததும் பொருத்தியதும் நான்தான். பாதுகாப்பானது என்று தாங்கள் சோதித்து முத்திரை இட்டபோது துள்ளிக் குதித்தவளும் நான்தான். இப்போது அதை உடைக்கச் சொல்வதால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக அணியில் பேச்சு.

2. பெட்டிக்குள் திருகு போன்ற ஒரு தண்டு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரத்தால் தண்டைத் திருப்ப முடியாது. அதனால் மின்சாரம் போனாலும் பிடித்த பந்து நழுவாது. பந்து நழுவாவிட்டால் விரலும் நழுவாது அல்லவா? அதற்காகவே, உருவினால் பிடி தளரும்படி ஓர் எஃகு முளை வைத்திருந்தேன். எடை வரம்பைத் தாண்டுகிறது என்று பயிற்சியாளர் அதைக் கழற்றி, அந்த இடத்தை போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். "ரெட் சுவிட்ச்தான் இருக்கேம்மா, அப்புறம் என்ன பயம்?" என்றார். தாங்களும் அந்த அவசர நிறுத்தச் சுவிட்சை அழுத்திப் பார்த்தீர்கள், ரோபோ நின்றது. அப்போது அதன் பிடிக்குள் எதுவும் இல்லை.

3. நேற்று ஒத்திகையில் பந்தைச் சரிசெய்யப் போன என் வலது கை மாட்டிக்கொண்டது. ரோபோவை ஓட்டும் தோழி உடனே சிவப்புச் சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் நின்றது. கையை மட்டும் விடவில்லை. எல்லோரும் சேர்ந்து இழுத்தும் பிடி அசையவில்லை. திறந்துவிடும் என்று நம்பி மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள். ஐயா, ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் அது தன் அளவைத் தெரிந்துகொள்ள முதலில் மூடிப் பார்க்கும், பிறகே திறக்கும். அதை நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருந்தோம், அந்தப் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. அது முதலில் இறுக்கியது.

"ஃபைனல் முடியிற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று பயிற்சியாளர் எங்களிடம் கேட்டுக்கொண்டார்.

4. நாளை இறுதிப் போட்டியையொட்டி நடக்கும் விழாவில் முதல் வகுப்புக் குழந்தைகள் வரிசையாக வந்து அந்தப் பிடிக்குள் பந்து வைக்கப்போகிறார்கள். முதலில் நிற்பவள் என் தங்கை. ரோபோவுக்குக் 'குண்டு மாமா' என்று பெயர் வைத்தவளே அவள்தான். காலையிலிருந்து வீட்டில் கதவின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள். "பந்த வச்சுட்டு குண்டு மாமாவுக்குக் கை குடுப்பேன்க்கா" என்கிறாள்.

5. ஆகவே தங்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து முளையைத் திரும்பப் பொருத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். எடை கூடி எங்கள் அணி வெளியேற நேர்ந்தால் அந்தப் பழி என்னுடையதாகவே இருக்கட்டும். ஐயமிருந்தால் ஒரு மரப் பென்சிலைப் பிடிக்கக் கொடுத்து, சுவிட்சை அழுத்திவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். தயவுசெய்து கையை வைக்க வேண்டாம்.

என் தங்கை அழுது புரண்டாலும் நாளை அவளை வீட்டிலேயே நிறுத்திவிடுவேன். அவளுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைகளின் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இடம்: போட்டி அரங்கம்
தேதி: விழாவுக்கு முந்தைய நாள்

தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
கியர்பாக்ஸ் பொறுப்பு மாணவி
(வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் ஒப்பமிட்டுள்ளேன்)

இணைப்பு: கழற்றப்பட்ட எஃகு முளை – ஒன்று.