சுவிட்ச் எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வேண்டும்

அனுப்புநர்:
பசை மேசையில் வேலை செய்யும் அக்கா,
செருப்புப் பட்டறை, மாடியில் பின்பக்க அறை.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: எக்ஸாஸ்ட் ஃபேனை நாங்களே அணைக்க முடியாதபடி செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டும் அறையில் நானும் என் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். இருக்கும் ஒரே ஜன்னலையும் அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பசை டின்னைத் திறந்தால் கண் எரியும், பிறகு தலை பாரமாகும். மதியத்துக்கு மேல், அருகில் பேசுகிறவர் குரலே அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

2. தாங்கள் உத்தரவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டவைத்தீர்கள். அந்த நன்றியை மறக்க மாட்டேன். அது ஓடிய முதல் நாள் தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போனோம். தங்கை வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். ஃபேனின் அருமையை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

3. ஆனால் அதை எங்கள் மேசைக்கு நேர் மேலே மாட்டிவிட்டார்கள். பசை பாதி காய்ந்த பதத்தில் அடிப்பாகத்தை வைத்து அமுக்க வேண்டும். ஃபேன் இழுக்கும் காற்றில் பசை முழுதாகக் காய்ந்து, ஒட்டியது பிளந்துகொள்கிறது. பிளந்த ஜோடிக்குக் கூலி கிடையாது. ஆகவே, ஐயா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ஃபேனை அணைப்பது முதலாளி அல்ல, நாங்கள்தான். நான் போடுவேன், தங்கை எழுந்துபோய் அணைப்பாள். தங்கள் ஆய்வாளர் வந்த அன்று மட்டும் அது ஜோராகச் சுற்றியது. எல்லாம் சரியா என்று கேட்டார். பட்டறை மேஸ்திரி வாய் திறப்பதற்கு முன்பே நாங்கள் தலையாட்டினோம். அவர் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் அணைத்துவிட்டோம்.

4. சென்ற வாரம் தங்கை கையில் பிரஷ்ஷோடு மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். படிக்கட்டில் காற்றுப்பட உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் விழித்ததும், "ஒண்ணுமில்லக்கா, அந்த ஜோடி காஞ்சிடப் போகுது" என்றாள். நான் அவள் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தேன். குழந்தை அசைந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவள் எழுந்து மேசைக்குப் போய்விட்டாள். சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், காலில் விழாத குறைதான். பிரசவச் செலவுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறாள்.

5. ஃபேனை எதிர்ச்சுவருக்கு மாற்றவும், சுவிட்சை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டவும் உத்தரவிடுங்கள். அதுவரை பிளந்த ஜோடிக்கும் கூலி தரச் சொல்லுங்கள். வரிசைப்படி பார்க்கலாம் என்று இந்த மனுவை ஓரமாக வைத்துவிடாதீர்கள், ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் உத்தரவு ஒன்றையே நம்பியிருக்கும்,
(கையொப்பம்)
அக்கா

இடம்: பட்டறைப் படிக்கட்டு
நாள்: திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம்

குறிப்பு: என் கையொப்பத்துக்குப் பக்கத்தில் காலியாக இருப்பது தங்கைக்காக விட்ட இடம். போட மறுத்துவிட்டாள். சாப்பிடாமல் உள்ளே செருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் சத்தம் கேட்கவில்லை.