முழந்தாளுக்குச் சுவர் துணை

புதுவை
17 ஆகஸ்டு 1958

என் அன்பு மகன் ஜெர்வேசுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம், அதிலும் இந்த வாரம் வழக்கத்தைவிடக் கூடுதல் நலம். அங்கே பிரான்சில், மர்செய் பட்டணத்தில் நீயும் எலிசும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் காரைக்காலுக்குப் போகவில்லை. கிணற்றடியில் விழுந்ததிலிருந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கோயிலில் முழந்தாளிட்டால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது என்று உன் அத்தை பிலோமின் உனக்கு எழுதப்போய், வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்காலில் அத்தையோடு போய் இருங்கள் என்று நீ எழுதினாய். மாதா திருநாள் வரை பொறு, அன்றைக்கு யார் கையையும் பிடிக்காமல் நான் முழந்தாளிட்டு எழாவிட்டால் நீ சொன்னபடி கேட்கிறேன் என்று பதில் போட்டேன். எப்படி என்று மட்டும் எழுதவில்லை, எழுதியிருந்தால் சிரித்திருப்பாய்.

பக்கத்து வீட்டு ஜானகிராமன் தேகப்பயிற்சி வாத்தியார், தினமும் யோகாசனம் செய்கிறவர். என் நடையைப் பார்த்துவிட்டு அவர்தான், நடுக்கூடத்துல நின்னு செஞ்சா வுழுந்துடுவீங்கம்மா, செவுத்த ஒட்டி நின்னு செய்யிங்க என்றார். யோகம் என்றதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது, நேரே போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சுவரில் சாய்வது பாவம் இல்லை, மந்திரம் எதுவும் சொல்லாதீர்கள் என்றார். அதனால் வாத்தியார் மூச்சை எண்ணச் சொன்ன இடத்திலெல்லாம் நான் மரியே வாழ்க செபத்தைப் பிரெஞ்சில் சொன்னேன், அவசரப்படாமல், மடத்துப் பள்ளியில் கன்னியர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

குதிகால், இடுப்பு, தோள், பின்தலை எல்லாம் சுவரில் படும்படி நிற்பது முதல் பாடம். மடத்தில் எங்களை அப்படித்தான் நிற்கவைப்பார்கள், அதில் வாத்தியார் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்தது முதுகைச் சுவரில் வழுக்கவிட்டு, நாற்காலி இல்லாமலே உட்கார்வதுபோல் இறங்கி மறுபடி ஏறுவது. ஒரு சாண் இறங்குவதற்குள் முழங்கால் நடுங்கியது, அன்றைக்குக் காரைக்கால் கண்ணுக்குத் தெரிந்தது. விடவில்லை. பிறகு விரல்நுனி மட்டும் சுவரில் பட ஒற்றைக் காலில் நின்றேன். முடிவில் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் நிமிர்த்தி வைத்து இளைப்பாறுவது, அது சுகம். ஆனால் வெள்ளையடித்த சுவரில் குதிகால் தடம் பதிந்துவிட்டது. வேலைக்கு வந்த அஞ்சலாட்சி அதைப் பார்த்துவிட்டு, திருடன் செவுரு ஏறியிருக்கான், பாதி ஏறி எறங்கிட்டான் போலக்குது என்று தெருவையே கூட்டிவிட்டாள். எதிர்வீட்டுக் குத்புதீன் தடியோடு வந்து நின்றார். அவர் முன்னால் அந்தத் திருடன் நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

திருநாளுக்குக் காரைக்காலிலிருந்து உன் அத்தை வந்துவிட்டாள், என்னைக் கையோடு அழைத்துப்போக. பூசையில் நற்கருணை வாங்கப் பீடத்துக்கு முன்னால் உள்ள தடுப்புக் கிராதியருகே பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டோம். நான் அசைவதற்கு முன்பே அவள் கை என் அக்குளுக்கு வந்துவிட்டது. நாவில் நற்கருணை, பேச முடியாது, குவித்த கையைப் பிரிக்கவும் கூடாது. ஒரு பார்வை பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டாள். வலது பாதத்தை முன்னால் வைத்தேன், சுவரில் ஏறுகிறதாக நினைத்துக்கொண்டு ஏறினேன், குவித்த கை குவித்தபடியே இருக்க நேராக நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவள் இன்னும் கிராதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், அண்ணி, என்னாத்த சாப்புட்றீங்க, எனக்கும் சொல்லுங்க என்றாள். கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். அவளுக்குப் பின்தலை சுவரில் படவில்லை. நேற்றுக் காலை பஸ்ஸில் தனியாகத்தான் ஊருக்குப் போனாள்.

எலிசின் இருமலுக்கு மிளகு கஷாயம் போட்டுக்கொடு, பிள்ளைகளைக் கூன் போடாமல் உட்காரச் சொல். போன கடிதத்தின் கையெழுத்து மோசம், அடுத்ததை நிதானமாக எழுது. இயேசு மரி சூசை உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வாருங்கள், என் வீடு திறந்தே இருக்கும்.

உன் அம்மா,
மரி தெரேஸ்