எல்லோரும் எழுந்து நின்ற பாட்டு

ஜூன் 3

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்தார். கை திருகிக்கொண்டிருந்தது, வாய் அந்த நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டில் தேம்பித் தேம்பி அழுதாராம். அழுதது போதும், வாஷரை மாற்றுங்கள் என்றேன்.

இந்த ஊரில் அந்தப் பாட்டு நாடகத்தைப் பார்க்காத ஆள் இனி நான் ஒருத்திதான். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடுகின்றன. மகளும் மாப்பிள்ளையும் இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி முகம் வீங்கித் திரும்பி வந்தாள். யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து நான் துக்கம் விசாரிக்கவே போய்விட்டேன்.

பேத்தி அதில் பாடுகிறாள். கதாநாயகி இல்லை, பக்கத்து வீட்டுக்காரி வேஷம். பிறந்த அன்றைக்கு இவள் அழுத சத்தத்தில் நர்ஸ் அடுத்த வார்டிலிருந்து ஓடி வந்தாள். அன்றே நான் வைத்த பெயர் டமாரம். இன்று காலையில் போன்.

"டமாரம் பேசறேன் பாட்டி. சனிக்கிழமை உனக்கு முதல் வரிசை. பக்கத்து சீட்ல அந்தப் பாட்டியும் வராங்க."

அந்தப் பாட்டி என்றால் அவள் அப்பாவைப் பெற்றவள், என் சம்பந்தி. அவளுக்கு நான் வைத்த பெயர் சர்க்கரை. பேச்சு அப்படி.

"எனக்கு வேற சீட்டு போடு. தூணுக்குப் பின்னாடி இருந்தாலும் பரவாயில்ல."

"எனக்காக பாட்டி. ஒரே ஒரு சாயங்காலம்."

சரி என்றேன். அவள் கேட்டு நான் எதைத்தான் மறுத்திருக்கிறேன்.

ஜூன் 5

சர்க்கரையிடம் நான் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்கில் ஆகிறது. ஏன் என்று எல்லோருக்கும் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போன அன்று அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சர்க்கரை ஜன்னலோரத்து மர நாற்காலியில், பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கொஞ்சம் முன்னாடியே பெரிய டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம். பாவம் மனுஷன்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் அப்போது வேறு சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை நான் எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்கு மூடிய வாய்தான், அவளிடம் இன்னும் திறக்கவில்லை.

ஜூன் 8

நாடகம் பார்த்தாயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை.

கதை இதுதான். ஒருத்தியின் புருஷன் மேல் லாரி ஏறிவிடுகிறது. சிவப்பு விளக்கு, நீல விளக்கு, மேளம். செத்தவன் எழுந்து நின்று ஒரு பாட்டு பாடுகிறான், அதுவும் நீளமான பாட்டு. அப்புறம் அவள் தனியாகக் கஷ்டப்படுகிறாள். கஷ்டப்படுகிற வீடு பளபளவென்று இருக்கிறது, ஒரு பாத்திரத்தில் கரி இல்லை. கடைசியில் அந்த லாரி டிரைவர் வந்து வாசலில் நிற்கிறான். இவள் அவனை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுக்கிறாள். பாடிக்கொண்டே ஊற்றுகிறாள். பாட்டு முடிவதற்குள் மன்னித்துவிடுகிறாள்!

என்ன வேகத்தில் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? பிரேக் போட்டாயா, அவன் ஏதாவது சொன்னானா, தண்ணீர் கேட்டானா? நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். பதில் வந்த பிறகுதான் டீயைப் பற்றி யோசிப்பேன். இவள் எதையும் கேட்கவில்லை. அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது. சர்க்கரை கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டார்களா? கடைசிப் பாட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டுமாம். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே பாட வேண்டுமாம். இங்கே அதுதான் வழக்கமாம், இதற்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களாம். என்னிடம் ஒருத்தரும் முன்னாலேயே சொல்லவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். சர்க்கரையும் எழுந்தாள். எழுந்து என் பக்கம் கையை நீட்டினாள்.

நான் எழவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

நிமிர்ந்தபோது டமாரம் மேடை விளிம்பில் நின்றிருந்தாள். அந்தப் பாட்டில் அவள் தனியாகப் பாடுகிற அடி ஒன்று உண்டு. என்னைப் பார்த்தாள். சர்க்கரையைப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேளக்காரர் அதே தாளத்தை இன்னொரு சுற்று வாசித்துச் சமாளித்தார். பிறகு பாடினாள். ஆனால் நூல் போல.

முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள் என்று வாசலில் நின்றேன். வரவில்லை.

ஜூன் 9

போன் இல்லை. நானும் போடவில்லை.

ஜூன் 10

வந்தாள். டீ வேண்டாம் என்றாள். நின்றுகொண்டே கேட்டாள்.

"பாட்டி, நாடகம் உனக்குப் பிடிக்கலையா, இல்ல பக்கத்துல இருந்தவங்களைப் பிடிக்கலையா?"

"ரெண்டும்தான். அவ இல்லாம நான் தனியா பார்த்திருந்தாலும் பிடிச்சிருக்காது."

"ஊரே அழுவுது பாட்டி."

"ஊர்ல யார் புருஷன் மேல லாரி ஏறுச்சு? ஒரு பாட்டுல முடியற காரியமா அது? எல்லாம் பொய்."

"அது நாடகம். உண்மையா இருக்கணும்னு யார் சொன்னா? நான் பாடினது எப்படி இருந்துச்சு, அதையாவது சொல்லேன்."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நல்லா இருந்துச்சுடி என்று இரண்டு வார்த்தை. இந்த வாய்க்கு அது வரவில்லை.

"பொய்யைப் பாடினா குரலும் பொய்யாத்தான் வரும். உன் குரல் மாதிரியே இல்ல. எனக்கு வெட்கமா இருந்துச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை. டமாரம் கதவை மெதுவாகச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 14

நாடகம் பிடிக்கவில்லை என்று நான் சொன்னது எப்படியோ வெளியே போய்விட்டது. தையல்காரி என்னை ஜுரம் வந்தவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். "மறுபடி ஒருவாட்டி பாருங்கம்மா, மனசு இளகும்." என் மனசு இளகாமல் இருப்பதில் இவளுக்கு என்ன நஷ்டம்?

மகள் ஒரு படி மேலே போய், காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் காது மந்தமாம், அதனால்தான் பாட்டு ஏறவில்லையாம். டாக்டர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தபடியே அந்தக் கடைசிப் பாட்டை முணுமுணுத்தார். சுருதி விலகுது டாக்டர் என்றேன். சிரித்துவிட்டு, "காது கத்தி மாதிரி இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார்.



ஜூன் 19

இன்று மகள் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். இல்லை, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நாடகம் அடுத்த மாதம் வெளியூர்களுக்குக் கிளம்புகிறது. கதாநாயகி மாசமாக இருக்கிறாள், போக முடியாது. அந்த வேஷத்தை டமாரத்துக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. டைரக்டர் எட்டாம் தேதி கடைசி வரிசையில் உட்கார்ந்து இவளை மட்டும் பார்த்தாராம். பார்த்துவிட்டு, வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டாராம். தன்னுடைய ஒற்றை அடியில் வாயடைத்து நிற்கிறவளை நம்பி முழு நாடகத்தை எப்படிக் கொடுப்பது?

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள குழாய்க்காரர் வரைக்கும் தெரிஞ்சிடும். வேஷம் கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தா. ரெண்டு பாட்டியும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தா பாடறதுக்கு தைரியமா இருக்கும்னு அவதான் அந்த சீட்டைக் கேட்டு வாங்கினா."

பத்தாம் தேதி வந்து நின்றாளே, அப்போது அவளுக்கு இது தெரியும். முந்தின நாளே சொல்லிவிட்டார்களாம். தெரிந்துகொண்டுதான் வந்தாள். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. நான் பாடினது எப்படி இருந்துச்சு என்று மட்டும்தான் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன்? நான் என்ன சொன்னேன்!

ஜூன் 21

நேராக நாடகக் கொட்டகைக்குப் போனேன். பின்கதவுக் காவலாளி விடமாட்டேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரியோட பாட்டி என்றேன். எந்தப் பக்கத்து வீடு என்றார். விளங்க வைப்பதற்குள் கால் வலித்துவிட்டது.

டைரக்டர் சின்ன வயசுக்காரர். மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தப்பு என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்றேன்.

"அம்மா, தினமும் யாராவது ஒருத்தர் எழுந்திரிக்காம உட்கார்ந்திருப்பாங்க. கால் முடியாதவங்க, கோவக்காரங்க, தூங்கறவங்க. மேடையில இருக்கறவங்க அதைப் பார்த்துட்டும் பாடியாகணும். அந்தப் பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். குரல் எங்கேயும் போயிடாது." அப்புறம் கேட்டார்: "சரி, நாடகம் உங்களுக்கு எப்படி இருந்தது?"

நல்லதாகச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"அவ அந்த டிரைவரை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கணும்" என்று வந்துவிட்டது.

அவர் சிரித்தார். யோசிக்கிறேன் என்றார். என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்.

ஜூன் 22

டமாரம் போனில். இரண்டே வாக்கியம். "எனக்காக யார்கிட்டயும் போய்க் கெஞ்ச வேண்டாம். எல்லார் முன்னாடியும் அசிங்கமா போச்சு."

நான் ஹலோ சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 25

யோசித்து யோசித்து ஒன்று செய்தேன். அவளுக்குப் போன் போட்டு, "நாடகத்தை நினைச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. உன் பாட்டும்தான்" என்றேன். இதைச் சொல்வதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.



"வேண்டாம் பாட்டி. உங்களுக்குப் பொய் சொல்ல வரல."

உங்களுக்கு என்றாள். நடுத்தெருவில் நின்று நீ, வா, போ என்று என்னைக் கூப்பிடுகிறவள்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். நல்லதைச் சொல்லிப் பழகாத வாய் நல்லது சொன்னால் அது பொய் மாதிரித்தான் கேட்கும். பள்ளிக்கூடத்தில் பாடினாள், பரவாயில்லை என்றேன். பரிசு வாங்கி வந்தாள், சாப்பிடு என்றேன். அவள் பாட்டை ஆரம்பித்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன். குழம்பு அரை வேக்காட்டில் நிற்கும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு என் முதுகுதானே தெரிந்தது.

ஜூலை 2

பஸ் இன்று கிளம்பியது. மகள் போய் வழியனுப்பினாள். சர்க்கரையும் போனாளாம். என்னை யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். பஸ் போயிருக்கும் நேரம் ஆனதும் மாற்றிக்கொண்டேன்.

டமாரம் அதே பக்கத்து வீட்டுக்காரி வேஷத்தில்தான் போகிறாள்.

ஜூலை 14

மகளிடம் கேட்டால், "நல்லா இருக்காம்மா." அவ்வளவுதான். என்ன சாப்பிடுகிறாள், எங்கே தூங்குகிறாள், அந்த அடி சரியாக வருகிறதா, எதுவும் மகளுக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் தெரியாது. சிறுவயசிலிருந்தே அப்படி.

ஞாயிறுதோறும் சர்க்கரை வீட்டுக்குத்தான் போன் வருகிறதாம். ஒரு மணி நேரம் பேசுவாளாம்.

ஜூலை 21

போன் அடித்தது. எடுத்தேன். சர்க்கரை.

வைத்துவிட வேண்டும். வைக்கப் போனேன்.

"வெச்சுடாதீங்க சம்பந்தி. புள்ள இப்பத்தான் பேசினா. உங்களுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

நான் பதில் பேசவில்லை. அவளே பேசினாள். புது ஊரில் கூட்டமாம். தங்குகிற அறையில் ஜன்னல் இல்லையாம். அந்த அடி சரியாக வந்ததாம், கைதட்டினார்களாம். கேட்டுக்கொண்டேன். முடிந்ததும் வைத்துவிட்டேன்.

கூடத்தில் சொன்ன வார்த்தை சொன்னதுதான். இந்த ஒரு போன் அதை அழிக்காது. நாடகத்துக்காரர்கள் வேண்டுமானால் பாடி முடிக்கட்டும்.

ஆகஸ்ட் 11

இன்றும் கூப்பிட்டாள். இன்று நான், "அப்புறம்?" என்றேன்.

செப்டம்பர் 8

சர்க்கரையே பேச்சுவாக்கில் ஆரம்பித்தாள். "அன்னைக்கு எனக்கும் கை நீட்ட இஷ்டமில்ல சம்பந்தி. புள்ள பார்க்குதேன்னுதான் நீட்டினேன்."

முதல் தடவையாக அவள் வாயிலிருந்து சர்க்கரை போடாத பேச்சு. அதையாவது நான் செய்திருக்கலாம். புள்ள பார்க்குதேன்னு.

அக்டோபர் 6

ஞாயிறு. குளித்துவிட்டு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தையல்காரி கூப்பிட்டாள், அப்புறம் வருகிறேன் என்றேன். வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் அடித்தது.

"தொண்டை கட்டிக்கிச்சாம் சம்பந்தி. ரெண்டு நாள் பாட வேண்டாம்னுட்டாங்களாம். ரொம்பச் சோர்ந்து போய்ப் பேசினா."

"குளிர்ந்த தண்ணியைத் தொடக் கூடாது. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கணும். கழுத்தைச் சுத்தித் துணி. பேசவே கூடாது, உங்ககிட்டயும்தான். கண்ணை மூடிப் படுத்துக்கச் சொல்லுங்க."

"சொல்றேன். நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொன்னா செய்ய மாட்டா. நீங்க சொன்னதாவே இருக்கட்டும்."

"சரி" என்றாள் சர்க்கரை.

அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவளே வைக்கட்டும் என்று காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.