தண்ணீர் விட்டுத் தேய்த்த தரை

கேட்டி, டெக்ஸாஸ்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அண்ணன் சபரி வீட்டில் தரையைத் தவிர எல்லோரும் சுகம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க முருகன் துணையிருப்பான். போனில் சொல்லலாம்தான், நீ நடுவில் புகுந்து சிரிப்பாய். சபரி இதற்குள் ஒரு கதை சொல்லியிருப்பான், அவன் பிறந்ததிலிருந்தே எதையும் குறைத்துச் சொல்கிறவன். நடந்தது இதுதான்.

ஹாலில் கிடந்த பழைய கார்ப்பெட்டைப் பிய்த்துவிட்டு அவனே ஓக் மரப் பலகை அடித்தான். யூடியூப் பார்த்துச் செய்தான் என்பார்கள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால்தான் பலகை நேராக வந்தது. அதைத் தேய்க்க வாடகைக்கு ஒரு மெஷின் வந்தது, கன்றுக்குட்டி அளவு இருக்கும், அது போட்ட சத்தத்தில் மூன்று தெரு தள்ளி ஒரு வெள்ளைக்காரர் நாயோடு வீட்டையே காலி செய்துவிட்டார். அது ஒரே இடத்தில் நின்றால் தரையில் குழி விழும் என்று என்னைக் கிட்டவே விடவில்லை. தூசிக்குப் பயந்து உன் அண்ணி ப்ரியாவையும் உன் அம்மாவையும் ஸ்வர்ணா என்கிற சிநேகிதி வீட்டில் விட்டிருந்தார்கள். ப்ரியாவுக்கு ஒன்பதாம் மாதம், சனிக்கிழமை அந்த ஹாலில்தான் வளைகாப்பு, நாற்பது பேருக்குச் சொல்லியாகிவிட்டது, அவள் அம்மா ராமாத்தாள் ஈரோட்டிலிருந்து வந்து இறங்கியுமாகிவிட்டது.

வியாழக்கிழமை ஆபீஸ் கிளம்பும்போது சபரி, "நைஸ் பேப்பர் ஒரு ரவுண்டு மட்டும் பாக்கிப்பா, சாயங்காலம் வந்து நான் பண்ணிக்கறேன், நீங்க மெஷினைத் தொடாதீங்க" என்றான். நான் தொடவில்லை, இதை மாப்பிள்ளையிடமும் சொல். ஆனால் இது கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் உப்புத்தாள் பிடித்த கை. நான் தேய்த்த பஸ்ஸில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், எதிரே வருகிற டிரைவர்கள் அதைப் பார்த்துத்தான் தலை சீவிக்கொள்வார்கள். அங்கே பட்டி போட்டுக் காய்ந்ததும் மக்கில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வாட்டர் பேப்பரால் தேய்ப்போம், காய்ந்தபடி தேய்ப்பது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை. கராஜில் காருக்கு வாங்கின வாட்டர் பேப்பர் ஒரு கட்டு இருந்தது. பதினோரு பக்கெட் தண்ணீர், மண்டி போட்டபடியே ஹால் முழுக்க முடித்தேன். மூன்று மணிக்குத் தரை கண்ணாடி. அதில் என் முகம் பார்த்தேன், நாற்பது வயசு மதிக்கலாம்.

சாயங்காலம் சபரி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றான். "என்னப்பா இது, குளமாட்டம் நிக்குது" என்றான். துடைத்தால் சரியாகிவிடும் என்றேன். பஸ் தகரம் தண்ணீர் குடிக்காது, மரம் குடித்துவிட்டது. மறுநாள் காலையில் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரத்தையும் தூக்கிக்கொண்டு, ஹால் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை மாதிரி வரி வரியாக நின்றது. மெஷின் வாடகைக்குத் தந்த கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஈரம் போக ஐந்து வாரம் ஆகும், அதுவரை தேய்த்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்றாராம். முப்பது வருஷ சர்வீசில் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னாராம், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சபரி, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அடியில் இருக்கிற பக்கெட்டில் விடுகிற மெஷின் நாலு கொண்டுவந்து ஓடவிட்டான், பிறகு லேப்டாப்பைத் திறந்து, "வளைகாப்பு முடிஞ்சதும் நீங்க தென்றல் வீட்டுக்குக் கிளம்புங்கப்பா, அம்மா இங்க இருக்கட்டும், டிக்கெட் போட்டுட்டேன்" என்றான். உன் வீட்டுக்கு வர எனக்குக் கசக்குமா? ஆனால் குழந்தை பிறக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது. அது கண் திறக்கும்போது தாத்தா ஆயிரத்தறுநூறு மைல் தள்ளி உட்கார்ந்திருந்தான் என்றாகிவிடும். அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை ஜமுக்காளம் விரித்தோம், அதற்கு மேலும் வரி தெரிந்தது. வந்தவர்கள் படகில் ஏறினவர்கள் மாதிரி கையை விரித்துக்கொண்டு நடந்தார்கள். நான் வாசலில் நின்று, இது அலைத்தரை, ஆர்டர் கொடுத்துச் செய்தது, உள்ளங்காலில் ரத்தம் ஓடும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். ரிச்சர்ட்சனிலிருந்து வந்த சபரியின் சிநேகிதன் சந்தானம் நாலு தடவை குறுக்கே நடந்துவிட்டு, "அங்கிள், முட்டி வலிக்கு நல்லாவே கேக்குது, எங்க வீட்டுக்கும் இதே ஃபினிஷ் பண்ணித் தர முடியுமா" என்று கேட்டான். சம்பந்தியம்மாதான், "ஏனுங் சம்பந்தி, இது ஊடுங்களா, உழுத காடுங்களா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். ப்ரியாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். நாலு காலும் சமமாக ஊன்ற இடமில்லாமல் அது முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. நலங்கு வைக்க வைக்க ஆடியது, வளையல் போடப் போட ஆடியது. ஏழாவது ஆள் சந்தனம் பூசப் போகும்போது பார்த்தால் பெண் தூங்கிவிட்டாள். முதுகு வலியில் மூன்று வாரமாகக் கண் மூடாதவள். நாற்பது பேரும் மூச்சு விடாமல் நின்றோம், மீதி வளையலைத் தூக்கத்திலேயே போட்டார்கள், கலந்த சாதமெல்லாம் ஆறிப்போயிற்று, ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. சம்பந்தியம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டம் நின்றுவிடாமல் நாற்காலியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தவள் சபரியைக் கூப்பிட்டு, "ஃப்ளோர் காய அஞ்சு வாரம், குழந்தைக்கும் அஞ்சு வாரம், அதுவரைக்கும் இந்த நாற்காலியை யாரும் நகர்த்தக்கூடாது. அந்த மெஷின் பக்கெட்டைத் தினம் ரெண்டு வாட்டி யார் கொட்டுவா, நீயா? மாமா இருக்கட்டும், டிக்கெட்டை கேன்சல் பண்ணு" என்றாள். சபரி என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், லேப்டாப்பைத் திறந்து கேன்சல் பண்ணினான்.

உன் அம்மா வியாழக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் பழையபடி வருகிறது. நான் காலையிலும் மாலையிலும் பக்கெட்டைத் தூக்கிப் போய்ப் பின்பக்கச் செடிகளுக்கு ஊற்றுகிறேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், நான் விட்ட தண்ணீரைத்தான் நானே வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பக்கெட் காலியாக இருந்தால் சபரி மறுபடி டிக்கெட் போட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்கிறேன். குழந்தைக்கு முன்னால் தரை காய்ந்துவிடக் கூடாது என்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் பேரனுக்கு நல்ல படிப்பும் அமைய என் ஆசி. நீயும் மாடிக்கு மரத்தரை போடப் போவதாகக் கேள்விப்பட்டேன், நான் வராமல் தேய்க்க ஆரம்பித்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
கரூர் சேனாபதி